ஹாஸ்பிட்டலர்: மருத்துவமனை வீரரா, சத்திர வீரரா?

குதிரைலாடம்
சிலுவைப்போர்க் காலத்தில் ஜெருசலேமில் இருந்த கிறிஸ்தவத் துறவறப் படைச் சபையான 'நைட்ஸ் ஹாஸ்பிட்டலர்' என்பதை 'மருத்துவமனை வீரர்கள்' என்று தமிழில் எழுதினால் என்ன தப்பு என்று சிலுவைப்போர் இழையில் ஒருவர் கேட்டிருந்தார். தப்புதான். லத்தீன் 'ஹோஸ்பெஸ்' என்றால் விருந்தாளி. விருந்து கொடுப்பவருக்கும் அதே சொல். அதிலிருந்து வந்த 'ஹோஸ்பிடாலே' வழிப்போக்கர் தங்கும் வீடு. ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் அதே குடும்பம். ஜெருசலேமில் இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்கள் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த வீடு, இத்தாலியிலிருந்து வந்து சேரும் யாத்திரிகருக்குப் படுக்கவும் சாப்பிடவும் இடம் தந்தது. நம் ஊர் வழக்கில் அது சத்திரம். ஆகவே 'சத்திர வீரர்' என்பதே சரி.

மணிமிடை
வேர்ச்சொல் விருந்தாளி என்பதில் எனக்கும் சண்டையில்லை. ஆனால் சொல்லின் வேர் வேறு, அந்த வீட்டில் நடந்த வேலை வேறு. 1182இல் சபைத் தலைவர் ரோஜர் தே மூலான் காலத்தில் இயற்றிய விதிகளைப் பாருங்கள். நான்கு வைத்தியர்கள் இருக்க வேண்டும். சிறுநீரைப் பார்த்து நோய் சொல்லவும் பாகு மருந்து கொடுக்கவும் தெரிந்தவர்களாக. ஒவ்வொரு படுக்கைக்கும் தனி விரிப்பு, தனிப் போர்வை. கழிப்பிடம் போய்வர ஆட்டுத்தோல் மேலங்கி, காலணி, கம்பளித் தொப்பி. வாரம் மூன்று நாள் பன்றி அல்லது ஆட்டிறைச்சி, அது ஒத்துக்கொள்ளாதவருக்குக் கோழி. யாத்திரை வந்த பெண்கள் அங்கே பிள்ளை பெற்றால் குழந்தைக்குத் தனித் தொட்டில். மருந்துப் பாகுக்கென்று வெளியூர் மடத்திலிருந்து சர்க்கரை வர வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யும் சத்திரத்தை எங்கே பார்த்தீர்கள்?

இன்றும் ஜெருசலேமில் அந்த இடத்துக்கு 'முரிஸ்தான்' என்று பெயர். பாரசீக 'பீமாரிஸ்தான்' தேய்ந்து வந்த சொல் அது. 'பீமார்' என்றால் நோயாளி என்பது இந்தி தெரிந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

குதிரைலாடம்
1182க்கு எழுபது வருஷம் பின்னால் போங்கள். 1113 பிப்ரவரி 15இல் போப் இரண்டாம் பாஸ்கல் அந்தச் சபையை அங்கீகரித்துக் கடிதம் கொடுத்தார். மூலச்சாசனம் இப்போது மால்டா தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் நிறுவனர் ஜெரார்டை 'ஜெருசலேம் செனோதோக்கியத்தின் தலைவர்' என்கிறார். கிரேக்கச் சொல், 'செனோஸ்' அயலார், முழுச்சொல்லும் அயலாரை ஏற்கும் இடம். இன்றைய கிரேக்கத்தில் அதே சொல்லுக்கு ஹோட்டல் என்றுதான் பொருள். சபைக்குப் பெயர் விழுந்தது அப்போது. வைத்தியர் விதி வந்தது பிறகு. பெயரைப் பெயர்க்கும்போது பெயர் விழுந்த காலத்தின் பொருளைத்தானே எடுக்க வேண்டும்?

வடமராட்சி
அண்ணை, பொருள் எப்படியோ இருக்கட்டும், 'சத்திர வீரர்' எங்களுக்குச் சரிவராது. இலங்கையில் ஆபரேஷனுக்குச் சத்திரசிகிச்சை என்று சொல்லுவம். அந்தச் சத்திரம் 'சஸ்திரம்', அதாவது ஆயுதம், கத்தி. உங்கட சத்திரம் 'சத்ரம்', அன்னதானச் சாலை. தமிழ் எழுத்தில் ரெண்டும் ஒண்டாகிப் போச்சு. 'சத்திர வீரர்' எண்டால் எங்கட ஆக்கள் கத்தி பிடிச்ச வீரர் எண்டோ சத்திரசிகிச்சை நிபுணர் எண்டோதான் வாசிப்பினம். குடைக்கும் சத்திரம் எண்டு இன்னொரு பொருள் இருக்கு, அதை விடுவம்.

குதிரைலாடம்
இது நான் யோசிக்காதது. சரியான அடி. 'சாவடி வீரர்' என்று போட்டால் காவல்சாவடிக்குப் போய்விடும், அதுவும் உதவாது.

பாலாற்றங்கரை
இரண்டு பேரும் இல்லாத பிளவை உண்டாக்கிச் சண்டை போடுகிறீர்கள். அந்தக் காலத்தில் ஏழை, நோயாளி, வழிப்போக்கர் மூவரும் ஒரே வரிசை. ஜெரார்டுக்குப் பின் வந்த ரேமோன் து புய் தன்னை 'கிறிஸ்துவின் ஏழைகளுக்கு ஊழியன்' என்று எழுதிக்கொண்டார். அவர் வகுத்த விதியில் ஏழைகளை 'நம் எஜமானர்கள்' என்பார். நோயாளியையும் எஜமானர் போல நடத்தச் சொல்வார். நடந்து நடந்து காசு தீர்ந்து காய்ச்சலோடு வந்து விழும் யாத்திரிகர் இந்த மூன்றில் எந்தக் கணக்கு?

இந்த மூன்றும் ஒட்டிய சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: ஆதுலர். அகராதியில் நோயாளி, வறியவர் இரண்டு பொருளும் உண்டு. முப்பத்திரண்டு அறங்களில் ஆதுலர் சாலை ஒன்று. அமால்ஃபிக்காரர்கள் ஜெருசலேமில் கடை விரித்த அதே 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைச் சொல்கிறது. ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துக்குப் பச்சிலை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர். இரண்டுக்கும் உறவு இருந்தது என்று சொல்லவரவில்லை. அதே காலத்து அதே வகை நிறுவனத்துக்கு நம் மொழியில் பெயர் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? 'ஆதுலர்சாலை வீரர்' என்று வைக்கலாம்.

மணிமிடை
ஆதுலர் அழகான சொல்தான். ஆனால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர்த்த சொல்லுக்கு இன்னொரு விளக்கம் எழுத வேண்டியிருந்தால் பெயர்த்து என்ன பயன்? அளவும் நினைவிருக்கட்டும். 1160களில் போய்ப் பார்த்த வூர்ட்ஸ்பர்க் யோவான் என்ற ஜெர்மானியக் குரு ஏறக்குறைய 2000 நோயாளிகள் என்று எழுதினார். தலையெண்ணி எழுதியிருக்க மாட்டார், பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். 15 படுக்கைச் சாலையின் பெயர் அதற்குச் சின்னச் சட்டை.

அப்புறம், 'ஆஸ்பத்திரி' என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதே 'ஹோஸ்பிடாலே'யின் பேத்திதான். வேரும் பொருளும் ஒருசேர வேண்டுமென்றால் 'ஆஸ்பத்திரி வீரர்' என்றல்லவா வைக்க வேண்டும்? சிரிக்காதீர்கள், மொழிநூல்படி அதுவே நேர்வழி.

சொல்லாய்வி
எல்லோரும் முதல் பாதியிலேயே நிற்கிறீர்கள். எனக்கு உறுத்துவது 'வீரர்'. ஹாஸ்பிட்டலர் என்ற சொல்லில் வாளும் இல்லை, குதிரையும் இல்லை. அந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. 1113 சாசனத்தில் போர் பற்றிப் பேச்சே இல்லை. ரேமோன் விதியிலும் இல்லை. 1136இல் ஜெருசலேம் மன்னர் ஃபுல்க் பெத்கிபெலின் கோட்டையைக் கொடுக்கிறார், 1140களில் கிராக் தே ஷெவாலியே கோட்டை கைக்கு வருகிறது. அப்போதும் சபை விதிகள் வாய் திறக்கவில்லை. 1182இல்தான் ஆயுதம் தாங்கிய சகோதரர்கள் தலைகாட்டுகிறார்கள், அதுவும் நோயாளிக்கான ஏற்பாடுகளையெல்லாம் சொல்லி முடித்த பிறகு.

சபையில் எல்லோரும் நைட்டும் இல்லை. நைட்டுக்குக் கீழே சார்ஜெண்ட் என்ற படைச் சகோதரர், குருக்கள், வேலைக்காரச் சகோதரர் உண்டு. பெண்களும் உண்டு: அரகோன் அரசி சாஞ்சா 1188இல் சிகேனாவில் கட்டிய மடம் ஹாஸ்பிட்டலர் சகோதரிகளுக்கானது. அவர்களையும் 'வீரர்' என்பீர்களா? 'நைட்ஸ் ஹாஸ்பிட்டலர்' என்பதில் நைட்ஸ் முன்னால் ஒட்டிய அடை. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பெயரைப் பெயருங்கள். தமிழில் '-ஆர்' விகுதி இருக்கிறதே: கோட்டையார், மடத்தார். 'ஆதுலர்சாலையார்'. ஆண், பெண், குரு, படையாள் எல்லோருக்கும் பொருந்தும்.

வடமராட்சி
விகுதி நல்லாயிருக்கு. ஆனால் படைப்பிரிவைத் தனியாகச் சொல்ல நைட்டுக்கு ஒரு சொல் வேணுமே. அந்தக் காலத்து இன்னொரு படைச் சபையான டெம்ப்ளருக்கும் அதே பிரச்சினைதான். அவைக்கு அல்-அக்ஸா பள்ளியில இருப்பிடம் கிடைச்சது, சிலுவைப்போர்க்காரர் அதைச் சாலமோன் கோயில் எண்டு அழைச்சவை, அதால கோயில் எண்ட பெயர். கோயிலார் எண்டு போட்டால் எங்கட ஊர்ப் பிள்ளையார் கோயில் நிர்வாகசபை மாதிரிக் கிடக்கு.

சொல்லாய்வி
நைட்டுக்கு 'சேவகர்'. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பையன், ஏவலாள் என்றே பொருள். பிறகுதான் குதிரைவீரன் ஆனது. தமிழில் சேவகத்துக்கு இரண்டு பொருளும் ஒருங்கே உண்டு. திருப்பாவை 24ஆம் பாட்டில் 'உன் சேவகமே ஏத்திப் பறைகொள்வான்' என்னும்போது அது வீரம். ஊழியமும் வீரமும் ஒரே சொல்லில். இந்தச் சபைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

மணிமிடை
இன்றைய வாசகருக்குச் சேவகன் என்றால் வாசலில் நிற்கும் டவாலி. ரோட்ஸ் தீவில் 1522 வரையும் மால்டாவில் 1798 வரையும் கப்பற்படை வைத்து ஆண்டவர்களை டவாலி ஆக்காதீர்கள். என் கட்சியில் மாற்றமில்லை. அவர்கள் கடைசிவரை விடாதது வைத்தியம். 1440இல் ரோட்ஸில் புது மருத்துவமனைக்கு அடிக்கல். 1570களில் மால்டாவின் வல்லெட்டாவில் இன்னொன்று, அங்கே நோயாளிக்கு வெள்ளித்தட்டில் சாப்பாடு. கோட்டை போனது, கப்பல் போனது, ரோமில் இருக்கும் சபை இன்றும் மருத்துவப் பணி செய்கிறது. பெயர் விழுந்த நாளின் பொருளைவிட எழுநூறு ஆண்டு சுமந்த பொருளுக்கு எடை அதிகம்.

குதிரைலாடம்
'சத்திர'த்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், 'மருத்துவமனை'யை ஏற்கவில்லை. சேவகர் விஷயத்தில் மணிமிடை சொல்வதே சரி என்று படுகிறது. 'ஆதுலர்சாலையார்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'ஹாஸ்பிட்டலர் எனப்படும்' என்று சேர்த்தால் தேடுபவருக்கும் அகப்படும்.

பாலாற்றங்கரை
எழுதுகிறவர்கள் கவனிக்க இன்னும் இரண்டு. ஒன்று, இந்தச் சபையை 'ஆர்டர் ஆஃப் மால்டா' என்றும் சொல்வார்கள், அந்த 'ஆர்டர்' என்றதும் 'ஆணை' என்று போட்டுவிடாதீர்கள். 'மால்டா ஆணை' என்றால் அரசாணை போல இருக்கும். துறவற சபை என்றால் போதும். இரண்டு, புனித யோவான் சபை என்றும் இதற்குப் பெயர், அந்த யோவான் திருமுழுக்கு யோவான். பழைய கத்தோலிக்க நடையில் வெறுமனே 'அருளப்பர்' என்று எழுதினால் நற்செய்தி எழுதிய அப்போஸ்தலர் என்று ஆகிவிடும். 'ஸ்நாபக அருளப்பர்' என்று முழுதாக எழுத வேண்டும்.

வடமராட்சி
அங்கியையும் மாத்தி எழுதாதேங்கோ. வெள்ளை அங்கியில சிவப்புச் சிலுவை டெம்ப்ளர். கறுப்பு அங்கியில வெள்ளைச் சிலுவை ஹாஸ்பிட்டலர். 1259க்குப் பிறகு போர்க்களத்தில சிவப்பு மேலுடையில வெள்ளைச் சிலுவை. குழப்பம் வாறது அங்கதான்.