டெங்கு முன்கணிப்பு: சோதனையில் சரியாக வரும் மாடல் நடப்பு வாரத்தில் தவறுவது ஏன்?

தரவுத்துளி கேட்டது:
தமிழ்நாட்டு மாவட்டங்களின் வாராந்திர டெங்கு எண்ணிக்கை, ஐஎம்டியின் (இந்திய வானிலைத் துறை) 0.25 டிகிரி கட்ட மழைத் தரவு, இஆர்ஏ5-லேண்ட் என்ற உலக வானிலைத் தரவுத்தொகுப்பின் வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு லைட்ஜிபிஎம் என்ற இயந்திரக் கற்றல் கருவியில் நான்கு வாரம் முன்னதாகக் கணிக்கும் மாடல் இது. 5 மடிப்பு கிராஸ்-வேலிடேஷனில் (தரவை ஐந்தாகப் பிரித்து மாற்றி மாற்றிச் சோதிப்பது) பிழை மிகக் குறைவு. ஆனால் நடப்புத் தரவைக் கொடுத்தால் ஒவ்வொரு வாரமும் "காய்ச்சல் குறையும்" என்றே சொல்கிறது. மழைக்கும் காய்ச்சல் கூடுவதற்கும் எத்தனை வார இடைவெளி வைப்பது என்பதும் குழப்பம்.

நெடுவரிசை:
இரண்டு கோளாறு. முதலாவது, வாரங்களைக் கலைத்துப் போட்டுப் பிரித்திருக்கிறீர்கள். 40ஆம் வாரம் பயிற்சியிலும் 41 சோதனையிலும் இருந்தால், மாடல் விடையைப் பார்த்து எழுதுகிறது. 2016 வரை பயிற்சி, 2017 சோதனை. பிறகு 2017 வரை பயிற்சி, 2018 சோதனை என்று காலவரிசையில் நகர்த்துங்கள். 2020, 2021ஐத் தனியாகக் குறியுங்கள். கொரோனாவால் பரிசோதனையே மாறிப்போன ஆண்டுகள் அவை.

"குறையும்" என்று சொல்வதற்குக் காரணம் இரண்டாவது. கடைசி இரண்டு மூன்று வார எண்ணிக்கை இன்னும் நிரம்பியிருக்காது. காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்எஸ்1 (வைரஸின் புரதத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனை), அதன்பின் ஐஜிஎம் எலைசா (உடலின் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது). முடிவு தாமதமாக வந்து பழைய வாரத்தில் போய்ச் சேரும். நீங்கள் பயிற்சி கொடுத்ததோ நிரம்பி முடிந்த எண்களில். திங்கள்தோறும் அன்றைய கோப்பைத் தேதியிட்டுத் தனியாகச் சேமியுங்கள்; பழையதன் மேல் எழுதாதீர்கள். சில மாதத்தில், ஒரு வார எண்ணிக்கை முதல் அறிக்கையில் எத்தனை சதவீதம் வந்தது என்று தெரிந்துவிடும். அந்த விகிதத்தால் திருத்திய எண்ணைத்தான் மாடலுக்குள் விட வேண்டும். அதுவரை கடைசி மூன்று வாரத்தை உள்ளீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், பயிற்சியிலும் அப்படியே. இஆர்ஏ5-லேண்டும் சுமார் ஐந்து நாள் பின்தங்கித்தான் வரும்.

ஏடிஸ்பார்வை:
மழைக்கான இடைவெளியைக் கொசுவிடம் கேளுங்கள். முட்டை கொசுவாக 7-10 நாள், கொசுவுக்குள் வைரஸ் முதிர 8-12 நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர 4-10 நாள். ஒரு சுற்றுக்கே மூன்று முதல் ஐந்து வாரம் ஆகிவிடும். எண்ணிக்கை பெருகப் பல சுற்று வேண்டும். அதனால் 4 முதல் 12 வாரம் வரை எல்லாவற்றையும் கொடுத்துப் பாருங்கள்.

மொத்த மி.மீ. மட்டும் போதாது. விட்டுவிட்டுப் பெய்தால் டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் நீர் நிற்கும். கொட்டித் தீர்த்தால் கொசுப்புழு அடித்துச் செல்லப்படும். மழை பெய்த நாள்களின் எண்ணிக்கை, அதற்கு முந்தைய வறண்ட நாள்கள் இரண்டையும் சேருங்கள். மழையே இல்லாதபோதும் டெங்கு வரும்: குழாய்த் தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை வரும் தெருவில் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் எப்போதும் நிறைந்திருக்கும். எத்தனை நாளுக்கொரு முறை விநியோகம் என்பதை உள்ளாட்சியிடம் கேட்டு வாங்குங்கள். செயற்கைக்கோள் தரவு எதிலும் இது கிடைக்காது.

களக்குறிப்பு:
ஒற்றை எண்ணாக வெளியிடாதீர்கள். "வழக்கத்தை மிஞ்ச 70% வாய்ப்பு" என்றால்தான் ஆள் அனுப்ப முடிவெடுக்க முடியும். கடந்த ஐந்து ஆண்டுகளில் அதே வாரத்தின் இடைநிலை எண்ணையே கணிப்பாக வைப்பதைவிட மாடல் துல்லியமாக இல்லாவிட்டால் வெளியிடவே வேண்டாம். மாவட்ட அளவும் பெரிது. டிபிசி பணியாளர்கள் (வீடுகளில் கொசுப்புழு தேடி அழிப்பவர்கள்) வார்டு வார்டாகப் போகிறவர்கள்.

இன்னொன்றும் அவசியம்: எச்சரிக்கை போன வார்டில் என்றைக்கு அபேட் (கொசுப்புழுக் கொல்லி மருந்து) ஊற்றினார்கள், தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவினார்களா என்பதைத் தேதியோடு பதியுங்கள். உலர்ந்த சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், நீரைக் கொட்டினால் மட்டும் போகாது. அந்தப் பதிவு இல்லாவிட்டால், நல்ல வேலையால் காய்ச்சல் குறைந்த வார்டெல்லாம் அடுத்த பயிற்சியில் "பொய் எச்சரிக்கை" என்று பதிந்துவிடும்.