புதுப்பிப்பு: 'கொக்கட்டிச்சோலை' எண்டு தேடினா இப்ப எல்லாரும் வாறாங்க

போன கிழமை கேட்டிருந்தன்: எங்கட சங்கத்து அங்கத்தவர் பட்டியல்ல 'கொக்கட்டிச்சோலை' எண்டு ஊர்ப்பேரைத் தேடினா சில பேர் விடுபடுறாங்க, அதுக்கு ஒரு ஃபங்ஷன் (டேட்டாபேஸுக்குள்ள ஓடுற சின்னக் கோட்) எழுதியிருக்கன், கோடையும் விளக்கக் குறிப்பையும் பாத்துத் தாங்க எண்டு. பாத்துத் தந்த எல்லாருக்கும் மனசார நன்றி.

காரணம் நினைச்சதுதான். 'கொ'வில வாற கொம்பும் காலும் சில பதிவுகள்ல சேர்ந்து ஒரே குறியீடு, சிலதுல தனித்தனியா ரெண்டு. கண்ணுக்கு ஒண்டு, டேட்டாபேஸுக்கு வேற. 'சோ'வுக்கும் அதே கதை. நாங்க பாவிக்கிற டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ்; அதின்ட 13ம் பதிப்பில வந்த நோர்மலைஸ் (normalize) எண்ட ஃபங்ஷன் ரெண்டு வடிவத்தையும் ஒண்டாக்கும். என்ட ஃபங்ஷன் அதைத்தான் கூப்பிடுது.

பெரிய பிழை கோட்ல இல்ல, குறிப்பில. 'நல் மதிப்பு குடுத்தா வெற்றுச் சரம் வரும்' எண்டு எழுதியிருந்தன். நல் (NULL) எண்டா மதிப்பே இல்ல எண்டு அர்த்தம்; வெற்றுச் சரம் எண்டா மதிப்பு இருக்கு, அதில எழுத்துதான் இல்ல. ஃபங்ஷனை ஸ்ட்ரிக்ட் (STRICT, நல் வந்தா ஓடாது) எண்டு அறிவிச்சா நல்லுக்கு நல்தான் திரும்பி வரும். அக்கரைப்பற்றில இருந்து ஒரு தங்கச்சி ஓடவிட்டுப் பாத்தே பிடிச்சிட்டா. குறிப்பை நம்பி எழுதுற அடுத்த ஆளை அது எவ்வளவு அலைய வச்சிருக்கும்! ராவோட ராவா திருத்திட்டன்.

ஃபங்ஷனுக்கு இம்மியூட்டபிள் (IMMUTABLE, ஒரே உள்ளீட்டுக்கு எப்பவும் ஒரே விடை) எண்டும் போட்டாச்சு, இல்லாட்டி அதை வச்சு இன்டெக்ஸ் (வேகமாத் தேட உதவுற அட்டவணை) கட்ட விடாது. தேடுற குவெரியிலயும் அதே ஃபங்ஷன் இருந்தாத்தான் அந்த இன்டெக்ஸ் பயன்படும். அதையும் குறிப்பில சேர்த்திட்டன். அடுத்தது களுவாஞ்சிக்குடிப் பட்டியல்.