ஃபார்ச்சூனரைவிட மலிவாக ஒரு எக்ஸ்3 கிடைக்கிறது. வாங்கலாமா?

சத்திரத்தான்:

பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. மாதாமாதம் ராஜபாளையம் வழியாக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். இப்போதிருக்கும் சின்னக் காரில் அவர் உட்கார்ந்து எழுவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. பெரிய வண்டியாக, பழையதாக ஒன்று வாங்கலாம் என்று முடிவு. கையில் 18 லட்சம் இருக்கிறது, அதற்கு மேல் கடன் வாங்க மனமில்லை.

இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். ஒன்று 2013 பிஎம்டபிள்யூ எக்ஸ்3 20டி. கேரளப் பதிவு, 81,000 கிலோமீட்டர், 12.25 லட்சம் கேட்கிறார்கள். இன்னொன்று 2016 ஃபார்ச்சூனர் 2.8 ஆட்டோமேட்டிக். தென்காசிப் பதிவு, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, 17.5 லட்சத்துக்குக் கீழே இறங்க மாட்டார்களாம். புதிதில் நாற்பது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி மலிவாகவும், அதைவிடக் குறைவாக விற்றது விலை கூடவும் இருக்கிறதே, எங்கே இடிக்கிறது? எக்ஸ்3 ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போகிறது. புரோக்கர் அவசரப்படுத்துகிறார்.

வள்ளியூர் டாக்ஸி:

இனோவா வாங்குங்கள். கேள்வி முடிந்தது.

சத்திரத்தான்:

அண்ணாச்சி, சொல்லிப் பார்த்துவிட்டேன். "வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள்" என்று அப்பா ஏற மறுக்கிறார். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிற வண்டி என்பது அவர் கணக்கு.

ஸ்பேனர் அண்ணாச்சி:

தம்பி, விலை குறைந்தது வண்டிக்குத்தான், அதன் உதிரிபாகத்துக்கு அல்ல. நாற்பது லட்சத்து வண்டி பன்னிரண்டு லட்சத்துக்கு வந்துவிட்டாலும் அதன் ஹெட்லைட், இன்ஜெக்டர், கன்ட்ரோல் ஆர்ம் எல்லாம் நாற்பது லட்சத்து வண்டிக்குரிய விலையில்தான் விற்கிறது. வாங்குவது எளிது, யானையைக் கட்டித் தீனி போடுவதுதான் பாடு.

இனி எக்ஸ்3க்கு வருகிறேன். 2013 என்றால் அதில் இருப்பது என்47 என்ற டீசல் இன்ஜின். நல்ல இன்ஜின்தான், ஆனால் வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கிற டைமிங் செயினை முன்பக்கம் வைக்காமல் பின்பக்கம், கியர் பாக்ஸை ஒட்டி வைத்திருக்கிறார்கள். செயினோ அதை நேராகப் பிடிக்கிற கைடோ தேய்ந்தால் கியர் பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கை நுழையாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போய்விடும். 2011க்கு முந்தியவற்றில்தான் இந்தப் புகார் அதிகம். அதற்குப் பிந்தியவற்றிலும் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2014இல் முகம் மாறி வந்த எக்ஸ்3இல் பி47 என்ற புது இன்ஜின் வந்துவிட்டது. அதிலும் செயின் பின்னால்தான், புகார் குறைவு.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி காதுதான். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து 1,500, 2,000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றட்டும். நீங்கள் பானட்டைத் திறந்து, டாஷ்போர்டை ஒட்டிய பின்பக்கமாகக் காதை வையுங்கள். தகரத்தில் தகரம் உரசுகிற சத்தம் கேட்டால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். சூடான இன்ஜினில் இந்தச் சத்தம் அடங்கிப்போய்விடலாம். நீங்கள் ஓட்டியபோது இன்ஜின் சூடாக இருந்ததா?

சத்திரத்தான்:

கவனிக்கவில்லை. நான் போனபோதே வாசலில் ஓடிக்கொண்டு நின்றது. ஏசி போட்டு வைத்திருந்தார்கள், மரியாதைக்கு என்று நினைத்தேன்.

ஸ்பேனர் அண்ணாச்சி:

மரியாதைதான்.

தென்காசி அக்கா:

தம்பி, நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். எங்களிடம் ஒரு ஜெர்மன் வண்டி இருந்தது, எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை தாங்குகிற ஏர் சஸ்பென்ஷன் உள்ள மாடல். ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்பக்கம் ஒரு மூலை தரையோடு உட்கார்ந்திருக்கிறது, கோலத்தின் மேல். தென்காசியில் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். பிளாட்பெட் லாரி பிடித்து மதுரைக்கு அனுப்பினோம். அங்கே ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பாகம் வரவேண்டும் என்றார்கள். வண்டி வரும்வரை என் வீட்டுக்காரர் ஆட்டோவில் போய்வந்தார். பில்லைப் பார்த்தபோது, அந்தப் பணத்துக்கு ஒரு பழைய மாருதி வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. வண்டியில் பெரிய குறை ஒன்றும் இல்லை. வண்டி இங்கே இருந்தது, மெக்கானிக் அங்கே இருந்தார். அவ்வளவுதான்.

மேலரதவீதி:

வேடிக்கை என்னவென்றால், பிஎம்டபிள்யூவை இந்தியாவில் பாகம் சேர்த்துப் பூட்டுவதே நம் சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்தில், 2007இலிருந்து. தமிழ்நாட்டில் பிறந்த வண்டிக்கு திருநெல்வேலியில் வைத்தியர் இல்லை.

தம்பி, நான் ரேஞ்ச் ரோவர் ஈவோக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

ஸ்பேனர் அண்ணாச்சி:

பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈவோக்கில் பின்னால் வந்த 2.0 இன்ஜினியம் என்ற டீசல் இன்ஜினில் செயின் தேய்மானமும் உண்டு, ஆயிலில் டீசல் கலப்பதும் உண்டு. கேள்வி கேட்ட தம்பியை முதலில் கரையேற்றுவோம்.

கொக்கிரகுளம் சர்வேயர்:

கேரளப் பதிவு, விலை குறைவு, அவசரம். இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் வெள்ளம்தான் நினைவுக்கு வரும். நான் இன்சூரன்ஸ் சர்வே வேலையில் இருப்பவன். 2018 ஆகஸ்டில் ஆலுவா, சாலக்குடி, செங்கன்னூர் பக்கம் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. நம்மூர் யோக்கியதையும் தெரிந்ததுதான். 2023 டிசம்பரில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் வந்துவிட்டது, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் தெருத்தெருவாக வண்டிகள் மிதந்தன. டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்து கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு முடித்த வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, சீட் துணி மாற்றி, இரண்டு ஜில்லா தள்ளிக் கொண்டுபோய் விற்பார். தண்ணீரை உறிஞ்சிய இன்ஜினில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருந்தாலும் கொஞ்ச காலம் ஓடும். பிறகு ஒரு நாள் இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் கண்ணில் படுகிற ஒன்றரை அடியைத்தான் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருப்பதைத் தொடமாட்டார்கள். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அது நகர்கிற தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை அழுத்துங்கள். எக்ஸ்3இல் பேட்டரி பானட்டுக்குள் இல்லை, டிக்கித் தரைக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பலகையைத் தூக்கிப் பார்க்காமல் வரவே வராதீர்கள்.

சத்திரத்தான்:

இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் போனேன். ஏழு மணிக்கு முன்னாலேயே போய் நின்றும் பானட்டில் கை வைத்தால் சுட்டது. "இப்போதுதான் பால் வாங்கப் போய் வந்தேன்" என்கிறார். பன்னிரண்டு லட்சத்து வண்டியில் பால் வாங்கப் போகிறவரை இன்றுதான் பார்க்கிறேன்.

சரி என்று சீட் பெல்ட்டை இழுத்தேன். முன்னால் இரண்டும் சுத்தம், புதிது மாதிரியே இருந்தது. பின்சீட்டு நடு பெல்ட்டை இழுத்தபோது, கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. டிக்கியில் புதுப் பாய் விரித்திருந்தார்கள். அதைத் தூக்கப் போனபோது புரோக்கர் வந்து, "கிளிப் உடைந்துவிடும் சார், மதுரையில்தான் கிடைக்கும்" என்று கையைப் பிடித்தார். அந்த ஒரு வார்த்தை மட்டும் உண்மை என்று நினைக்கிறேன். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கொக்கிரகுளம் சர்வேயர்:

முன்பெல்ட் இரண்டும் புதிதாக இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். பத்து வயது தாண்டிய வண்டியில் பெல்ட் ஏன் புதிதாக இருக்க வேண்டும்? ஏர்பேக் வெடித்தால்கூடப் பெல்ட் மாற்றுவார்கள். நல்லவேளை தப்பித்தீர்கள்.

சத்திரத்தான்:

அப்படியென்றால் ஃபார்ச்சூனர்தானா?

ஸ்பேனர் அண்ணாச்சி:

ரிப்பேரை மட்டும் பார்த்தால் ஆமாம். அந்த 2.8 இன்ஜின்தான் பழைய இனோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கிலும் இருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து நாங்குநேரி வரை அதைப் பிரித்துப் பூட்டாத மெக்கானிக் இல்லை. விலை இறங்காததற்குக் காரணமும் அதுதான். அந்தக் கூடுதல் ஐந்து லட்சம் வண்டிக்கு அல்ல, அர்த்தராத்திரியில் நின்றாலும் பக்கத்து ஊரில் ஆள் இருக்கிறான் என்கிற தைரியத்துக்கு.

வள்ளியூர் டாக்ஸி:

அதைத்தான் நான் முதல் வரியில் சொன்னேன்.

தென்காசி அக்கா:

ஒரு நிமிடம். முழங்கால் தேய்ந்தவருக்கு ஃபார்ச்சூனரா? லாரி மாதிரி சேசிஸ் மேல் பாடியைத் தூக்கி வைத்த வண்டி. ஏறுவதற்கே ஃபுட்போர்டு மிதிக்க வேண்டும், காலி வண்டியாகப் போனால் பின்சீட்டில் தூக்கிப் போடும். வண்டியைத் தேர்ந்தெடுக்க அண்ணாச்சிமார் எல்லோரும் இன்ஜினைப் பார்க்கிறீர்கள், உட்காரப் போகிறவரை ஒருவரும் கேட்கவில்லை. பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

சத்திரத்தான்:

அக்கா சொன்னபடியே செய்தேன். ஏறுவதற்கு என் தோளைப் பிடித்தார், இறங்கும்போது முக்காலி கேட்டார். முகத்தைப் பார்த்ததும் நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

நேற்று வேறொன்று வந்திருக்கிறது. 2017 பிஎம்டபிள்யூ எக்ஸ்1 எஸ்டிரைவ் 20டி. டிஎன் 72, அதாவது திருநெல்வேலிப் பதிவு, ஒரே கை, 70,000 கிலோமீட்டர், 16 லட்சம் சொல்கிறார்கள். அப்பா அதில் நாற்காலியில் உட்காருவதுபோல் இடுப்பை வைத்துக் காலை உள்ளே எடுத்துக்கொண்டார். ஒருவர் கையும் தேவைப்படவில்லை. மதுரையில் சர்வீஸ் செய்த பில்கள் இருக்கின்றன.

ஸ்பேனர் அண்ணாச்சி:

அக்கா சொன்னது நியாயம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

எக்ஸ்1இன் இந்த உடம்பு இந்தியாவுக்கு 2016இல் வந்தது, முன்சக்கரம் இழுக்கிற வண்டி, பி47 இன்ஜின். ஏர் சஸ்பென்ஷன் கிடையாது, அது ஒரு நிம்மதி. ஆனால் 16 கொடுத்துவிட்டால் உங்கள் கையில் இரண்டுதான் மிஞ்சும், அது போதாது. 15க்குள் முடியுங்கள். மிச்சம் மூன்று லட்சத்தை வங்கியில் தனியாகப் போட்டுவையுங்கள், அது வண்டியின் பணம், வீட்டுப் பணமல்ல. முதல் வருடத்தில் டயர், பிரேக், கியர் ஆயில் என்று எப்படியும் ஒரு பகுதி போகும். கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் யாருடைய ஆயுளுக்கு என்று கேளுங்கள். எக்ஸ்3, எக்ஸ்5இல் வருகிற கியர் பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியே எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. எக்ஸ்1இல் வேறு கம்பெனி கியர் பாக்ஸ், அதையும் அப்படியே நடத்துங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கிலும் பாருங்கள். ரன்ஃபிளாட் டயர் என்றால் காற்றில்லாமலும் கொஞ்ச தூரம் போகலாம், ஆனால் விலை சாதாரண டயரைப்போல் இருக்காது. ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையும் பாருங்கள், சிவகிரி தாண்டி ராத்திரியில் நின்றால் அது தெரியவரும்.

கொக்கிரகுளம் சர்வேயர்:

டிஎன் 72 என்பதால் உங்களுக்கு ஒரு பெரிய செலவு மிச்சம். கேரள வண்டி வாங்கியிருந்தால் அங்கிருந்து படிவம் 28இல் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடியும் ஆயுள் வரி கட்ட வேண்டியிருக்கும். வண்டியின் வயதுக்கேற்ப வரி குறையும், ஆனால் கணக்கு தொடங்குவது நீங்கள் கொடுத்த விலையிலிருந்து அல்ல, அது புதிதாக விற்ற விலையிலிருந்து. டெல்லி வண்டி மலிவு என்று ஓடுகிறவர்களும் இதைக் கவனிக்கட்டும். பத்து வயது தாண்டிய டீசல் அங்கே ஓடக்கூடாது என்று உத்தரவு வந்ததால்தான் தெற்கே தள்ளிவிட ஆரம்பித்தார்கள்.

நீங்கள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் கடன் தீர்ந்தது என்று வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 கையில் வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி, விற்பவருக்குரியது, உங்களுக்கு வராது. ஆனால் போன பாலிசியில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வருடங்கள் போயும் அது பூஜ்யமாக இருந்தால் கிளைம் ஒன்று நடந்திருக்கலாம். என்ன கிளைம் என்று கேளுங்கள்.

சத்திரத்தான்:

14.8க்கு ஒத்துக்கொண்டார்கள், மதுரைப் பணிமனையில் காட்டி அவர்கள் சரி என்றால் மட்டும். செக்கிங் கட்டணம் என்னுடையது. சாவியை முந்தின நாள் இரவே என்னிடம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், அதனால் காலை ஸ்டார்ட் நான்தான் செய்யப்போகிறேன். ஸ்பேனர் அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தோதுப்படுமா?

ஸ்பேனர் அண்ணாச்சி:

ஆறு மணிக்கு வருகிறேன். நான் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள், அப்பாவையும் தொடவிடாதீர்கள்.

வடசேரிக்காரன்:

இதையெல்லாம் இப்போதுதான் படித்தேன். சத்திரத்தாரே, நீங்கள் பார்த்த எக்ஸ்3 வெள்ளை நிறமா? டிக்கியில் கறுப்புப் பாயா? நாகர்கோவிலில் ஒன்று 13 லட்சம் சொல்கிறார்கள், "டாக்டர் ஓட்டிய வண்டி" என்று. மச்சான் நாளை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறான்.

சத்திரத்தான்:

வெள்ளைதான். வண்டி எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், உடனே பாருங்கள். மச்சானிடம் பின்சீட்டு நடு பெல்ட்டை இழுக்கச் சொல்லுங்கள்.