மறு: [கலைச்சொல்] மரச் செதுக்கலில் பிசிறும் பெயர்வும்

அனைவருக்கும் வணக்கம். மரச் செதுக்கலில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டதால் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். சிஎன்சி ரூட்டரில், அதாவது சுழலும் வெட்டலகைக் (பிட்) கணினி சொல்லும் வழியில் ஓட்டும் இயந்திரத்தில், பெயர்ப்பலகை செதுக்குவது என்னுடைய அன்றாட வேலை. அதனால் அகராதிப் பக்கத்தைவிடப் பட்டறைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'டேர் அவுட்', 'ஃபஸ்' இரண்டுக்கும் 'பிசிறு' என்ற ஒரே சொல் போதும். இரண்டும் சுத்தமில்லாத வெட்டுதானே.

போதாது ஐயா. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

ஃபஸ் என்பது அறுபடாமல் நிற்கும் நார். எழுத்தின் ஓரத்தில் பூனைமயிர் போல எழுந்து நிற்கும். பிட் மழுங்கியிருக்கும், அல்லது மரம் ஈரமாக இருக்கும், அல்லது எம்டிஎஃப் போல நாரும் பசையுமான பலகையாக இருக்கும். 220-ஆம் எண் உப்புத்தாளை லேசாகப் போட்டால் போய்விடும். இதற்குப் 'பிசிறு' கச்சிதமான சொல். பிசிறு தட்டாத குரல் என்கிறோமே, அதே பொருள்தான்.

டேர் அவுட் அப்படியல்ல. வெட்டுக்கோட்டைத் தாண்டி மரமே கிளம்பி வந்துவிடும், பள்ளம் விழும். உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. மக்கு வைக்க வேண்டும், இல்லையென்றால் முகப்பு முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் இழைத்து மறுபடி செதுக்க வேண்டும். இதற்குப் பட்டறையில் ஏற்கெனவே வினை இருக்கிறது: "அண்ணே, ஓரம் பேந்துடுச்சு." காரை பெயர்ந்தது என்று எழுதுகிறோம், அதன் பேச்சு வடிவம்தான் இது. ஆகவே டேர் அவுட்டுக்கு 'பெயர்வு' என்பது என் முன்மொழிவு. 'பெயர்ச்சி' வேண்டாம், சனி வந்து உட்கார்ந்துகொள்வார்.

தமிழ் எழுத்துக்குப் பெயர்வு தனித் தலைவலி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நேர்க்கோடு அதிகம். நம் எழுத்தெல்லாம் சுழியும் வளைவும். ஒரு சுழியைச் சுற்றி வரும்போது பிட் சில இடங்களில் நாரோடு போகும், சில இடங்களில் நாரை எதிர்த்துப் போகும். பெயர்வதெல்லாம் எதிர்த்துப் போகும் இடங்களில்தான். 'ண' குழித்து வெட்டினால் சுழிக்குள் நிற்கும் சின்னத் திட்டு அப்படியே எகிறிவிடும், ஏனென்றால் அங்கே நாரின் நீளமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். எழுத்தைப் புடைப்பாக நிறுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதே கதி. வெட்டுவதற்கு முன் பலகை முகத்தில் அரக்கு பாலிஷோ சாண்டிங் சீலரோ (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு) ஒரு கை பூசிக் காயவைத்தால் நார் விறைத்துக்கொள்ளும், பெயர்வு வெகுவாகக் குறையும். பெயிண்ட் உள்ளே ஊறிப் பரவாமலும் தடுக்கும்.

> அப்-கட் பிட் = மேல்வெட்டு அலகு, டவுன்-கட் பிட் = கீழ்வெட்டு அலகு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வருபவர்களுக்கு 'அப் மில்லிங்', 'டவுன் மில்லிங்' என்று வேறு ஜோடி தெரியும். அது பிட் சுழலும் திசைக்கும் பலகை நகரும் திசைக்கும் உள்ள உறவு. மர வேலைக்காரர்கள் அதையே கன்வென்ஷனல், கிளைம்ப் என்பார்கள். 'மேல்வெட்டு' என்று சொன்னால் எதைச் சொல்கிறோம்? என் கணக்கில் திசை உறவுக்கு 'எதிர்வெட்டு' (கன்வென்ஷனல்), 'உடன்வெட்டு' (கிளைம்ப்) என்று வைத்துக்கொள்ளலாம். முரட்டு வெட்டை எதிர்வெட்டாக எடுத்துவிட்டு, ஓரத்தில் 0.3 மி.மீ. விட்டுவைத்து, கடைசிச் சுற்றை மட்டும் உடன்வெட்டாக ஓட்டினால் ஓரம் கண்ணாடி மாதிரி வரும்.

பிட்டுக்குப் பெயர் அதன் முறுக்கிலிருந்து வரட்டும். திருகுபுரி நமக்குத் தெரிந்த சொல். சீவலை மேலே ஏற்றுவது ஏற்றுப்புரி, கீழே தள்ளுவது இறக்குப்புரி. ஏற்றுப்புரி பள்ளத்தைச் சுத்தமாகக் காலிசெய்யும், ஆனால் மேல் ஓரத்து நாரையும் சேர்த்துத் தூக்கிவிடும். இறக்குப்புரி மேல் ஓரத்தை அமுக்கியபடியே அறுக்கும், பலகை முகம் சுத்தமாக இருக்கும். ஆனால் சீவல் வெளியேற வழியில்லாமல் பள்ளத்தில் அடைத்துச் சூடேறும், ஆழமாக ஒரே மூச்சில் இறக்கக் கூடாது.

> கம்ப்ரெஷன் பிட்டுக்கு 'இருபுரி'?

அழகாக இருக்கிறது. ஆனால் கடைக்காரர் அதை டூ-ஃப்ளூட் (இரண்டு வெட்டுவாய் உள்ள பிட்) என்று நினைத்து வேறு பிட்டை எடுத்துக் கொடுப்பார். கம்ப்ரெஷன் பிட்டின் அடிப்பகுதி சீவலை ஏற்றி, மேல்பகுதி இறக்கி, இரண்டு பக்கத்திலிருந்தும் நாரை நடுவே நெருக்குகிறது. 'அமுக்குப்புரி' என்று இருக்கட்டும்.

> ஃபீட் ரேட் = ஊட்ட விகிதம்.

சத்துமாவு டப்பா நினைவுக்கு வருகிறது. பிட் பலகையில் நகரும் வேகம்தானே, 'ஓட்டவேகம்' போதாதா? சிப் லோடுக்கு 'சீவல் கனம்'. ஒவ்வொரு வாயும் ஒரு சுற்றில் எடுக்கும் சீவல் எவ்வளவு தடிப்பு என்பதுதானே அது. இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தால் ஒரு தவறான நம்பிக்கையும் ஒழியும் என்று ஆசை. சுத்தமாக வர வேண்டும் என்று பலர் ஓட்டவேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு வாய் பிட், சீவல் கனம் 0.1 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. ஓட வேண்டும். சுற்றைக் குறைக்காமல் 600-இல் ஓட்டினால் கனம் 0.017-க்கு இறங்கிவிடும். அப்போது பிட் அறுக்காது, தேய்க்கும். ஓரம் கருகும், பிட்டும் மழுங்கும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் அங்கே இன்னும் சீக்கிரம் மழுங்கும்.

கடைசியாக ஸ்டெப்-ஓவர், அதாவது பிட்டின் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களுக்கு நடுவிலுள்ள தூரம். 'தாண்டல்', 'படி விலக்கம்' இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. உருண்டை முனைப் பிட் பலகையில் போவது ஏர் உழுவது போலத்தான், பக்கத்தில் பக்கத்தில் சால் விழும். 'சாலிடை' என்று வைக்கலாமே. நடுவில் நிற்கும் மேட்டுக்கு 'சால்மேடு'. சாலிடையின் வர்க்கத்தை உருண்டையின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் மேட்டின் உயரம் வரும். 6 மி.மீ. பிட்டில் சாலிடை 0.6 என்றால் மேடு 0.015 மி.மீ., விரலுக்குத் தட்டுப்படாது. 1.2 ஆக்கினால் 0.06, நாலு மடங்கு. வார்னிஷ் அடித்ததும் வரிவரியாகத் தெரியும்.

அன்புடன்.

---

மறு: மறு:

அண்ணா, பெயர்வு, சாலிடை இரண்டுக்கும் என் ஆதரவு. ஆனால் கோயம்புத்தூர் ஃபவுண்டரிப் பக்கம் 'பிசிறு' என்பது உலோக விளிம்பில் நிற்கும் பர்ருக்கும் புழங்குகிறதே, குழப்பம் வராதா? இன்னொன்று, வேலைப்பலகைக்கு அடியில் போடும் ஸ்பாயில் போர்டுக்கு யாரும் சொல் தரவில்லை.

---

மறு: மறு: மறு:

தம்பி, உலோகத்தில் பிசிறு உலோகப் பிசிறு, மரத்தில் மரப் பிசிறு. இடம் பார்த்துப் புரியும், அடைமொழி தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்பாயில் போர்டுக்கு நான் 'பலிப்பலகை' என்கிறேன். பிட் வேலைப்பலகையைத் துளைத்து அடியில் வெளிவரும்போது நாருக்குத் தாங்கல் இல்லாவிட்டால் அடிப்புறம் பெயரும். அந்த அடியை வாங்கிக்கொள்ளத்தான் கீழே ஒரு பலகையைக் கொடுக்கிறோம். பழைய வெட்டுக்குழிக்கு மேலேயே மறுபடி வெட்டினால் தாங்கல் இருக்காது, ஆகவே அதன் முகத்தை அவ்வப்போது ஒரு சீவு சீவி மட்டமாக்க வேண்டும். 'தாங்குபலகை' என்று இன்னொருவர் தனிமடலில் சொல்லியிருக்கிறார். எதைப் பட்டியலில் ஏற்றலாம் என்று மற்றவர்களும் சொல்லுங்கள்.