புதுப்பிப்பு: அறுவை சிகிச்சைக்குப் பின் 11-ஆம் நாள்

27 வாரத்தில் 940 கிராம் எடையுடன் பிறந்த எங்கள் மகளுக்கு, மகாதமனியையும் (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய்) நுரையீரல் தமனியையும் இணைக்கும் நாளம் மருந்து கொடுத்தும் மூடாததால் அதைக் கட்டி அடைக்கப்போகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். கருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் தேவையான அந்த நாளம், நிறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாள்களில் தானே மூடிவிடும். இவளுக்கோ திறந்தே இருந்து நுரையீரலில் மிகுதியான இரத்தத்தைப் பாய்ச்சிக்கொண்டிருந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. 6-ஆம் நாள் வென்டிலேட்டர் குழாயை நீக்கியபோது அவள் அழுதாள். முகம் சுருங்கியதே தவிர, சத்தம் வரவில்லை. என் மனைவி அங்கேயே உடைந்துபோனார். இடது குரல்நாணுக்குச் செல்லும் நரம்பு அந்த நாளத்தை ஒட்டியே வளைந்து செல்வதால் அது பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும், அப்படியானால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்பதால் தொண்டையைப் பரிசோதித்த பிறகே வாய்வழியாகப் பால் கொடுக்க முடியும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதுவரை, கறந்தெடுத்த தாய்ப்பால் குழாய் வழியாகவே செல்கிறது.

குழந்தையைப் பெற்றோரின் வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நேற்றுதான் அனுமதி கிடைத்தது. தையலில் கை படாமல் செவிலியர் அவளை என் மனைவியின் நெஞ்சில் கிடத்தினார். 40 நிமிடம், ஒருமுறைகூட மானிட்டர் ஒலிக்கவில்லை.