அம்மாவின் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கலாமா?

கேள்வி (பினாங்கு): அம்மாவுக்கு 81 வயது. ஜெலுத்தோங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிறு காலை போனபோது, தாதி ஆறு மாத்திரைகளையும் ஒன்றாகப் பொடித்துக் கஞ்சியில் கலக்கிக்கொண்டிருந்தார். "பாட்டி விழுங்க மாட்டேங்கறாங்கக்கா" என்றார். நல்ல பிள்ளைதான், பதினைந்து பேரை ஒருத்தியாகப் பார்க்கிறாள். அம்மா பாதிக் கிண்ணம்தான் சாப்பிட்டார். 11 மணிக்கெல்லாம் தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டார். பயமாக இருக்கிறது.

பதில் 1 (கோலாலம்பூர், மருந்தாளுநர்): அக்கா, பிரஷர் மாத்திரை எது என்று பாருங்கள். பெயருக்குப் பின்னால் எல்ஏ, எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அப்புறம் பாதிக் கஞ்சி மிஞ்சினால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். பலவற்றுக்குத் திரவ மருந்தோ வேறு மாத்திரையோ உண்டு. விழுங்கச் சிரமம் எதனால் என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 2: சளி மருந்தையும் கவனியுங்கள். என் மாமியாருக்குத் தினமும் குளோர்பெனிரமின் கொடுத்தார்கள். பகலெல்லாம் மயக்கம், குளியலறையில் விழுந்தார். வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் தரும்.

கேட்டவர்: பார்த்துவிட்டேன். நிஃபெடிபின் எல்ஏ. இல்லத்துக்குப் போன் செய்து, டாக்டரைக் கேட்கும்வரை அதைப் பொடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை முதல் வேலையாகக் கிளினிக். நன்றி தம்பி.