மூடல்பெட்டியை மொத்தமாகக் கேட்கிறார்கள், என்ன விலை சொல்வது?

குருத்தோலை (சுழிபுரம்):
வணக்கம். பனங்குருத்தில் மூடல்பெட்டி இழைத்து விற்கிறேன். சின்னப் பெட்டிதான். சிவப்பும் பச்சையும் சாயமிட்ட சார் (மெல்லிதாய் வார்ந்த ஓலைக் கீற்று) ஊடே ஓடும், மூடி அசையாமல் இறுகி நிற்கும். வீட்டுக்கு வந்து வாங்குகிறவர்களுக்கு 850 ரூபா. வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் கேட்ட காசைத் தருவார்கள், ஊராட்கள் 700க்குக் கேட்பார்கள். இப்போது கொழும்பில் ஒரு அன்பளிப்புச் சாமான் கடை ஐம்பது பெட்டி கேட்கிறது. 40 வீதம் கழிவு வேண்டுமாம். அப்படியென்றால் கைக்கு வருவது 510. ஓலைக்கும் சாயத்துக்கும் பெட்டிக்கு 90 ரூபா போகும், இழைக்க மூன்று மணித்தியாலம். ஐம்பதும் ஒன்றாகப் போகிறதே, கொடு என்கிறா அம்மா. எனக்கு மனம் ஒப்பவில்லை. கடையில் 1,500க்கு விற்பார்களாம். இருந்து இழைப்பது நாங்கள், பாதிக்கு மேல் அவர்களுக்கா?

கைதடி அக்கா:
தங்கச்சி, அந்த 40 வீதத்தை ஒரு பக்கம் வையுங்கள். முதலில் உங்கள் நேரத்துக்குக் கணக்குப் பார்ப்போம்.

மூன்று மணித்தியாலம் என்பது இழைக்கிற நேரம் மட்டும். குருத்தை வெயிலில் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் சார் வார்ந்து, சாயம் காய்ச்சித் தோய்த்து உலர்த்துகிறீர்களே, அதற்குப் பெட்டிக்கு அரை மணித்தியாலமாவது போகும். 510இல் 90 போனால் 420. அதை மூன்றரையால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 120 ரூபா. எட்டு மணித்தியாலம் குனிந்திருந்தால் 960. இந்த நாட்டில் சட்டம் சொல்கிற ஆகக் குறைந்த நாட்சம்பளமே 2025 ஏப்ரலில் 1,080 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 1,200. சார் பிசகாமல் இழைக்கிற கைக்கு அதைவிடக் குறைவா? எனக்கு வயிறு எரிகிறது.

நான் மணித்தியாலத்துக்கு 200 போடுவேன். மூன்றரைக்கு 700. ஓலை, சாயம் 90. பொதி கட்ட, பஸ்ஸில் போட்டுவிட 60. எல்லாம் சேர்ந்து 850. நீங்கள் வீட்டு வாசலில் விற்கிற விலைதான் உங்கள் அடக்க விலை! அதில் கழிவு கொடுக்க இடமே இல்லை. மேலே ஒரு நூறு வைத்து 950 சொல்லுங்கள். அடுத்த முறை ஓலை வாங்க அந்த நூறுதான் கைக்காசு. கடைக்காரர் 1,900க்கு விற்கட்டும்.

நீங்களும் வீட்டில் அதே விலைக்கு விற்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர் கொழும்பில் 1,900 கொடுத்ததை உங்களிடம் 850க்குக் கண்டால், கடை அடுத்த முறை உங்களிடம் வராது.

திருநெல்வேலிக் கடை:
அக்கா சொன்ன கணக்கு சரி. கடைப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். வாடகை, வேலைக்கு நிற்கிற பிள்ளையின் சம்பளம், மின்சாரம், வெயில் பட்டு நிறம் மங்கி விலைபோகாமல் கிடக்கிற சாமான், எல்லாம் அந்தப் பாதிக்குள்தான். வாங்கின விலையை இரட்டிப்பாக்கி விற்பது அன்பளிப்புக் கடைகளில் வழமை, அதைக் கொள்ளை என்று நினைக்காதீர்கள். ஆனால் 1,900க்கு அந்தப் பெட்டி மெதுவாகத்தான் போகும். கெதியாய்ச் செய்யக்கூடிய சாமானும் காட்டுங்கள். தோடு வைக்கிற குட்டிப் பெட்டி, தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற தட்டு மாதிரி. ஒரு மணித்தியாலத்தில் முடிகிற சாமானுக்குத்தான் மொத்த விலை கட்டுப்படியாகும். மூடல்பெட்டியைப் பத்தோடு நிறுத்துங்கள்.

மாரி (பருத்தித்துறை):
காசு எப்போது தருவார்கள் என்று கேட்டீர்களா? அது விலையைவிடப் பெரிய விஷயம். ஒரு கடைக்கு, விற்ற பிறகு காசு என்ற பேச்சில் சுளகும் பெட்டியும் கொடுத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து திரும்பி வந்தபோது மூடிகளின் உள்பக்கமெல்லாம் பூஞ்சணம். ஒரு சதமும் தரவில்லை. கடையில் ஈரச் சுவரோடு அடுக்கி வைத்ததற்கு நான் நட்டப்பட வேண்டியதாயிற்று. இப்போது பாதிக் காசு முற்பணம், மிச்சம் பொதி கையளிக்கும்போது. விற்ற பிறகுதான் காசு என்று நிற்கிற கடைக்குக் கழிவைக் குறையுங்கள், பழுதானால் அவர்கள் பொறுப்பு என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள். சாமான் உங்களுடையதாகவே கிடக்கும்போது அவர்களுக்கு முழுக் கழிவு எதற்கு?

குருத்தோலை (சுழிபுரம்):
எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு அந்த 960ஐ வாசித்துக் காட்டினேன். சரி, நீ நினைத்ததைச் செய் என்றா. கடைக்கு இப்படி எழுதினேன்: மூடல்பெட்டி பத்து, ஒன்று 950. தோட்டுப் பெட்டி நாற்பது, ஒன்று 320. பாதி முற்பணம். தோட்டுப் பெட்டிக்கு ஓலை 30, வேலை ஒன்றே கால் மணித்தியாலம், பொதி 10 என்று போட்டேன். அக்கா, இதில் எனக்கு மிஞ்சுவது 30தான், காணுமா?

கைதடி அக்கா:
காணாது. 350 கேளுங்கள். நாற்பதும் ஒரே நிறத்தில் என்றால் சாயம் ஒரே முறையில் காய்ச்சி முடியும். அதற்காக வேண்டுமென்றால் 340க்கு இறங்கலாம், அதற்குக் கீழே போகவேண்டாம்.